ஆம்பியர் மட்டும் போதாது: ஃபியூஸ் வாங்க வருவோருக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

எரிந்த ஃபியூஸைக் கொண்டுவந்து, ‘இதே ஆம்பியரில் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பவர்களிடம், அதை எங்கிருந்து கழற்றினீர்கள் என்று நாங்கள் விசாரிப்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கிறது. ஆம்பியர் ஒன்றாகவே இருந்தாலும், உருகும் வேகமும், தாங்கும் வோல்ட்டும், ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் திறனும் ஃபியூஸுக்கு ஃபியூஸ் வேறுபடும் என்பதால்தான் அப்படிக் கேட்கிறோம்.

எங்களிடம் அதிகம் வருவது கிணற்று மோட்டாருக்கான தேவையே. 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், நேரடி ஸ்டார்ட்டரில் பட்டனை அழுத்தியதும் சில விநாடிகளுக்கு அதைப்போல் ஆறு மடங்குவரை இழுப்பதால், 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போய்விடும். அதற்குப் பயந்து பீங்கான் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. ஏனெனில் ஷார்ட் ஆகும்போது அந்தக் கம்பிக்கு முன்பாகக் கேபிள் எரியத் தொடங்கிவிடும். இத்தகைய மோட்டாருக்குப் பொதுவாக 20 அல்லது 25 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸ், அதாவது பெரும் ஷார்ட் மின்னோட்டத்தையும் துண்டிக்கும் திறனுள்ள ஃபியூஸ், ஏற்றது. தொடக்க இழுப்பை அது தாங்கும். ஷார்ட் ஆனால் உள்ளே நிரப்பியிருக்கும் மணல் மின்பொறியை அணைத்துவிடும். ஆனால் மோட்டாரை மிகைச்சுமையிலிருந்து காப்பது ஃபியூஸ் அன்று, ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே. அதை மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கே வைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு ஃபியூஸ் மட்டும் போய், மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டே ஓடினால் காயில் கருகிவிடும் என்பதால், ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் ஒற்றை ஃபேஸ் தடுப்பானையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்று போனால் மூன்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

மின்னணுக் கருவிகளில் உள்ள 20 மி.மீ. குழாய் ஃபியூஸின் உலோகத் தொப்பியில் ‘எஃப்’ (F) என்றிருந்தால் விரைவாகவும், ‘டி’ (T) என்றிருந்தால் தாமதித்தும் உருகும். வெள்ளைப் பீங்கான் குழாய் இருந்த இடத்தில் கண்ணாடிக் குழாயைப் போடாதீர்கள். கண்ணாடி வகையின் துண்டிக்கும் திறன் பெரும்பாலும் மிகக் குறைவு.

சோலார் பேனல் தருவது டி.சி. (நேர்மின்னோட்டம்) என்பதால், அதற்கு ஏ.சி. (மாறுமின்னோட்ட) ஃபியூஸ் கூடவே கூடாது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் மின்பொறி அணைய வழி உண்டு, டி.சி.யில் அந்த இடைவெளியே இல்லை. எனவே சோலாருக்கென்றே செய்த, உங்கள் பேனல் வரிசையின் உச்ச வோல்ட்டைத் தாங்கும் டி.சி. ஃபியூஸையே கேளுங்கள், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது அதை உருவ வேண்டாம்.

கடைக்கு வரும்போது பழைய ஃபியூஸையும், மோட்டார் அல்லது கருவியின் பெயர்த்தகட்டை எடுத்த படத்தையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்