அம்மாவின் வலியை அணாக் கணக்கில் எழுதிய சிஸ்டருக்கு

சிஸ்டர், வணக்கம். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் போடவில்லை, ஆஸ்பத்திரி பெயரும் இல்லை. பெண்கள் வார்டு, ஜன்னலோரத்துக் கட்டில், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றுகிற அம்மா என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அம்மாவின் மகன்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் புகார் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த நன்றிக்கு அர்த்தம் கிடையாது.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மூன்று வருஷம் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் இடுப்பு வலி. தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தே காலம் போனவளுக்கு இடுப்பு வலிக்காதா என்று தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டோம். ஸ்கேன் எடுத்தபோது இடுப்பெலும்பிலும் முதுகுத்தண்டிலும் பரவியிருந்தது. வார்டில் சேர்த்தோம். கேஸ் ஷீட்டில் வலிக்கு ஓர் ஊசி எழுதி, பக்கத்திலேயே 'தேவைப்பட்டால்' என்று போட்டிருந்தார்கள். தேவையா இல்லையா என்று யார் சொல்வது? எங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றி, அதில் நூறைக் கழித்துவிட்டார்கள் என்றாலும் கடையில் வாய் திறக்காமல் வருகிறவள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குத் தூங்குவதுபோல இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அடக்க முடியாமல் கத்தினால், டூட்டி டாக்டர் வந்து "இப்பத்தானம்மா போட்டுச்சு, இந்த வியாதின்னா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லவில்லை. சின்னப் பையன், தூங்கி எத்தனை நாளாச்சோ.

நீங்கள் டூட்டிக்கு வந்த முதல் நாள், வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று அம்மாவிடம் கேட்டீர்கள். "நீயே பாத்துப் போடு தாயி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரிம்மா, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னு வைங்க. இப்ப எத்தன அணா?" என்றீர்கள். யோசிக்கவே இல்லை அம்மா. "பன்னெண்டணா." பதினாறு அணா ஒரு ரூபாய் என்கிற பழைய கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு நாளாக நாங்கள் யாரும் வாங்க முடியாத பதில் அது.

அன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நீங்கள் இல்லாத ஷிப்டில் அக்காவை எழுதச் சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டில் அணாக் கணக்கு ஏறியது. ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் ஆறணா, மூன்றாவது மணி நேரத்தில் மறுபடி பன்னிரண்டு, விடியற்காலையில் முழு ரூபாய். இரண்டு நாள் கணக்கை வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரின் முன்னால் நின்றீர்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு, நோட்டை விரித்து நீட்டினீர்கள். கூட வந்த ஹவுஸ் சர்ஜன்கள் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பெரிய டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார், ஊசியை நிறுத்தி மார்பின் மாத்திரை எழுதினார், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல். மலச்சிக்கலுக்கும் சேர்த்து எழுதுங்க சார் என்று அதையும் கேட்டு வாங்கினீர்கள்.

இதற்குப் பிறகு குறுக்கே நின்றது நாங்கள்தான்.

மார்பின் என்ற பெயரைக் கேட்டதும் மாமா எழுந்துவிட்டார். அது அபினி, கடைசி மருந்து, கொடுத்தால் ஆள் எழுந்திருக்காது, பிழைத்தாலும் அடிமையாகிவிடும். எனக்கும் அதே பயம்தான். மாத்திரையை வாங்க மாட்டோம் என்றோம். நீங்கள் விடவில்லை, அம்மா கட்டிலுக்கே போய் "உங்களுக்கு வேணுமாம்மா?" என்று அவளிடம் கேட்டீர்கள். எங்களை மீறி அவளிடம் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நோயாளியைப் போதை மருந்து சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நர்சிங் சூப்பிரண்டெண்ட் அறையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் டூட்டி முடிந்து பையை மாட்டிக்கொண்டு நேராக வராந்தா பெஞ்சுக்கு வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். வலிக்கு அளவு பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் அடிமையாக மாட்டார்கள், முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், போய்விடும், மலச்சிக்கல் மட்டும் போகாது, அதனால்தான் அந்த மாத்திரையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். மாமா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னீர்கள். கடைசியில் "நாளைக்கு ஒரு நாள் குடுத்துப் பாப்போம், பிடிக்கலேன்னா நிறுத்தச் சொல்லி நானே டாக்டர்ட்ட கேக்கேன்" என்றீர்கள். மாமா அதற்குத்தான் இறங்கி வந்தார்.

இந்த மருந்தைப் பற்றி அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்த அபினிச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸோடு வயலில் விளைகிறது, நம் நாட்டிலிருந்து வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், இங்கே வலியில் கிடக்கிறவர்களுக்கு அது எட்டாமல் போய், 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழியைக் கொஞ்சம் லேசாக்கினார்கள். சட்டம் லேசானாலும் மாமா மாதிரி, என்னை மாதிரி ஆட்கள் வாசலில் நிற்கிறோமே.

மூன்றாம் நாள் காலையில் நோட்டில் நாலணா. அம்மா இட்லி கேட்டாள். தலை சீவிவிடச் சொன்னாள். அக்கா பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் எலும்புத் தேய்மானம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். உங்களையும் அப்படியே சொல்லச் சொன்னோம். "நானா எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா அம்மா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். அம்மா கேட்டாள். நீங்கள் உடனே சொல்லிவிடவில்லை, "உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டீர்கள். "பழைய வியாதிதான் எலும்புல இறங்கிட்டு. இவன் பாவம், பயப்படுவான்னு கேக்கல" என்றாள், என்னைக் கையைக் காட்டி. அறுபத்திரண்டு வயசுக்காரி எங்களுக்காக நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியது எல்லாம் வரிசையாக வந்தது. வீட்டுக்குப் போகணும். பீடிக் கம்பெனி பிஎஃபில் நாமினியாக இன்னும் அப்பா பெயர் இருக்கிறது, அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு, அதை மாற்றணும். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த மூவாயிரத்தைத் திருப்பி வாங்கக் கூடாது. இன்னும் நாலு நாள் வைத்திருந்து பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது, மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கலாமே சார், அம்மா வீட்டுக்குப் போகணும்கிறாங்க என்று மறுபடி நீங்கள்தான் பேசினீர்கள். எந்தெந்த நேரத்துக்கு எத்தனை என்று அக்காவுக்குத் தாளில் சூரியனும் நிலாவும் போட்டு வரைந்து கொடுத்தீர்கள். அக்கா பிளஸ் டூ படித்தவள், சூரியன் தேவையில்லை, ஆனாலும் அந்தத் தாளைத்தான் சுவரில் ஒட்டினாள்.

வீட்டில் எழுபத்தொரு நாள் இருந்தாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வலி நிவாரணம் பார்க்கிற சிஸ்டர் வண்டியில் வந்து போவார், அவருக்கும் இதிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். வார்டில் வெந்நீர் பிடித்துக் கொடுத்த, எதிர்க்கட்டிலுக்குத் துணையாக வந்த அண்ணாச்சிக்கும், ஒரு ரூபாய்கூட வாங்காமல் ஸ்ட்ரெச்சர் தள்ளிய அக்காவுக்கும். நாமினி மாற்றியாச்சு. நடுவில் இரண்டு தடவை பத்தணாவுக்கு ஏறியது, போன் பண்ணினோம், அளவைக் கூட்டச் சொன்னார்கள், இறங்கியது. கடைசி வாரம் நோட்டில் மூன்று, நாலு, மூன்று என்றுதான் இருக்கிறது.

போன வாரம் மிச்சமிருந்த பத்தொன்பது மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். பார்மசியில் ஒவ்வொன்றாக எண்ணி ரிஜிஸ்டரில் ஏற்றிக் கையெழுத்து வாங்கினார்கள். உங்களை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகவும், அன்றைக்கு நைட் டூட்டி முடிந்து போய்விட்டதாகவும் சொன்னார்கள். அந்தப் புகாரை வாபஸ் வாங்கி, அதில் எழுதியது எதுவும் உண்மையில்லை என்று இரண்டாவது தாள் ஒன்று எழுதி, சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் கொடுத்து, சீல் வைத்த நகலை இன்சார்ஜ் சிஸ்டரிடம் உங்களுக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வந்து சேரவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் சிஸ்டர்.