காசநோயாளி வீட்டில் எல்லோருக்கும் பருப்பும் முட்டையும் கேட்டு ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு,
கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்தார் அனைவருக்கும் ஆறு மாதம் சத்துணவு வழங்கவும், அதற்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை ஒதுக்கவும், அந்தப் பொறுப்பில் எங்கள் குழுக்களைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பு கல்குவாரிக்கும், கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷருக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் கழுவிக் கவிழ்த்த குடத்தின் மேல் மதியத்துக்குள் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கல்மாவு படியும். ஆண்கள் துளை போடவும் லோடு ஏற்றவும் போகிறார்கள். பெண்கள் ஜல்லி அள்ளுகிறோம், மிஷினைச் சுற்றிக் கூட்டுகிறோம். கூட்டும்போதுதான் தூசி அதிகம். மூக்கில் கட்டிக்கொள்வது பழைய புடவைத் துண்டு. கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பது தாங்கள் அறிந்ததே. இப்போது எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் டிபி மாத்திரை ஓடுகிறது.

இதை எழுதும் நான் கூட்டமைப்பின் செயலாளர். 2020-ல் எனக்கே காசநோய் வந்தது. அப்போது என் எடை 34 கிலோ. மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள், நல்ல மாத்திரை. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இந்த மனுவே இல்லை. ஆனால் மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் ஒரு பசி வந்தது பாருங்கள், அதற்கு என்னைத் தயார்ப்படுத்தியவர் யாரும் இல்லை. அதுவரை ஒரு கவளம் இறங்காது. திடீரென்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து பானையைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே தண்ணீர் ஊற்றிய சோறு, அதுவும் காலையில் பிள்ளைகளுக்கு வேண்டியது.

தினமும் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார் நர்ஸ் அம்மா. இரண்டு வாங்கி அவித்தேன். மூன்று பிள்ளைகளும் அடுப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டன. எந்தத் தாயால் தனியாகச் சாப்பிட முடியும்? தையல் நூலை எடுத்து ஒவ்வொரு முட்டையையும் இரண்டாக அறுத்தேன். நான்கு பாதி, நான்கு பேர். வீட்டுக்காரர் எனக்கு வேண்டாம் என்று வெளியே போய்விட்டார். ஏட்டில் அது "நோயாளிக்குப் புரதச்சத்து". எங்கள் வீட்டில் அது ஆளுக்குப் பாதி முட்டை.

அடுத்த வருடம் என் பெரிய பெண்ணுக்கு வந்தது. ஒரே அறை, ஒரே பாய், அதுவும் காரணம்தான். சாப்பாடு மட்டும் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். அவள் குணமாகி இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். ஆனால் அந்த ஆறு மாதமும் அவள் எலும்பெல்லாம் தெரிய நடமாடியபோது எனக்குள் ஓடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எனக்குக் கொடுத்ததோடு சேர்த்து அவளுக்கும் ஒரு தட்டு கொடுத்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு ஜார்க்கண்டில் பதில் கண்டிருக்கிறார்கள். 2019 முதல் 2022 வரை அங்கே நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளை ஓர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லா நோயாளிக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பாதி வீடுகளில் மட்டும் வீட்டாருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. 10,345 குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், வீட்டாருக்கும் சாப்பாடு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் பார்த்தால் 48 சதவீதம். நோயாளிக்கு முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறினால் சாவு அபாயம் 61 சதவீதம் குறைகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதை நடத்தியவர்களில் நம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. முடிவு 2023 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. எங்கள் கிரஷரில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன்களிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் ஊரிலா?" என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

சேத்துப்பட்டைச் சொன்னதும் பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். அதே இடத்தில் 1956-ல் தொடங்கிய ஆய்வுதான், சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. சேர்க்கப்பட்ட 193 பேரும் சென்னையின் ஏழைகள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, அப்படியும் மருந்து வேலை செய்தது. அதனால் உலகமெங்கும் ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைத்தது, அது பெரிய நன்மை. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மாத்திரை போதும், சாப்பாடு அப்புறம் பார்க்கலாம் என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஏழை உடம்பு பட்டினியிலும் குணமாகிறது என்று நிரூபித்தால், பட்டினியை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமா ஐயா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. காசநோயாளியின் சத்துணவுக்காக 2018-ல் தொடங்கிய நிக்ஷய் போஷன் உதவி மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் 2022 முதல், நோய் முற்றியவர்களை முதலிலேயே பிரித்தறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நிற்க முடிகிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, எடை என்ன என்று பார்க்கும் அந்த முறை எங்கள் பக்கத்திலேயே ஒருவரைக் காப்பாற்றியது. உணவுப் பை கொடுக்கும் நிக்ஷய் மித்ரா நன்கொடையாளர்கள் நோயாளியின் வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2024-ல் மத்திய அரசே சொல்லிவிட்டது. ஆக, நாங்கள் கேட்பது புதிதாக ஒரு சட்டம் இல்லை.

ஆனால் பணம் கைக்கு வரும் வழியில் சில கற்கள் கிடக்கின்றன. எனக்கு வர வேண்டிய 500 ரூபாய் ஐந்தாவது மாதத்தில் மொத்தமாக ஏறியது. அது நேராகப் பால்காரர் பாக்கிக்குப் போனது. இப்போது சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு வங்கிக் கணக்கே இல்லை. கணக்குத் தொடங்கப் போனால் மிஷினில் ரேகை விழவில்லை. இருபது வருடம் கல் பிடித்த விரல் ஐயா, தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. "நாளைக்குக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வாங்க" என்று அனுப்பினார்கள். மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். போன வருடம் ஒரு நன்கொடையாளர் உணவுப் பை கொடுத்தார். பையை நீட்டியபடி போட்டோ எடுத்தார்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றி, பை வாங்கிய பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் பேச்சு நின்றது. அடுத்த மாதம் அந்தப் பெண் பையை வாங்க வரவேயில்லை. தயவுசெய்து நோயாளிகளைப் படம் எடுப்பதைத் தடுத்து ஓர் உத்தரவு போடுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.

சரி, எங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறேன். அரிசிக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை, ரேஷனில் கிடைக்கிறது. அரிசி மூட்டை வேண்டாம். இல்லாதது பருப்பு, முட்டை, எண்ணெய், நிலக்கடலை. ரேஷனில் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கு வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது. ஜார்க்கண்டில் வீட்டாருக்குக் கொடுத்த பருப்புக் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். அந்த இடைவெளியை மட்டும் சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு நிரப்பிக் கொடுங்கள். நோயாளிக்கு ஒரு பங்கு, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. கார்டில் பெயர் இல்லாத மருமகளும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியாரும், கிரஷர் ஷெட்டில் ஆறு பேராகப் படுத்திருக்கும் வடமாநிலத்துப் பையன்களும் இதில் வீட்டார்தான். கிருமி கார்டு பார்த்து வருவதில்லை.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். இந்த மண்ணிலிருந்து ஏறும் ஒவ்வொரு லோடு கல்லுக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு ஒரு தொகை போகிறது. சுரங்கத்தாலும் குவாரியாலும் பாதிக்கப்பட்ட மக்களுக்காகவே 2015-ல் சட்டத்தைத் திருத்தி உண்டாக்கிய நிதி அது. அதன் தலைவர் தாங்கள். முன்னுரிமைப் பணிகளில் குடிநீரோடு சுகாதாரமும் இருக்கிறது. கட்டடமும் சாலையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கல்தூசியைச் சுவாசித்தவருக்கு அந்தக் கல்லின் பணத்திலிருந்து ஒரு கரண்டி பருப்பு போவதைவிட நேரான செலவு எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பு பாதிக்கப்பட்ட பகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று எங்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. இல்லையென்றால் சேர்க்க வேண்டும். மே 1 கிராமசபையில் இதற்குத் தீர்மானம் போட்டிருக்கிறோம், நகல் இணைத்துள்ளோம்.

யார் கொண்டுபோய்க் கொடுப்பது? நாங்கள். டெண்டர் விட்டு எங்கிருந்தோ மாவுப் பாக்கெட் வர வேண்டாம். எங்கள் கூட்டமைப்பில் கடலை உருண்டை பிடிக்கிற குழு இருக்கிறது, சத்துமாவு அரைக்கிற குழு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிற தன்னார்வலர்களும் எங்கள் குழுப் பெண்கள்தான். அவர்கள் கையில் ஒரு எடை மிஷினும் ஒரு நோட்டும் கொடுங்கள். மாதம் ஒரு முறை நோயாளியின் எடையோடு வீட்டாரின் எடையையும் எழுதுவார்கள். இரண்டு மாதத்தில் எடை ஏறாதவரை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பதை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும். இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கிற தூரத்தில் குடியிருக்கிறோம். யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வேலைக்கு ஊக்கத்தொகையும் கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்வது பெண்கள் வேலைக்கு மட்டும் வழக்கமாகிவிட்டது.

மாவட்டக் காசநோய் மன்றம் என்று ஒன்று இருப்பதாகவும், நோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதில் இடம் உண்டு என்றும் கேள்விப்பட்டேன். எங்களில் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத் தேதியை முதல் வாரமே சொன்னால் மேஸ்திரியிடம் லீவு கேட்க வசதி.

எக்ஸ்ரே வண்டி விஷயமும் உண்டு. போன முறை நடமாடும் எக்ஸ்ரே வண்டி காலை பதினொரு மணிக்கு வந்தது. அப்போது குடியிருப்பில் இருந்தவர்கள் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான். படம் எடுக்க வேண்டிய நெஞ்சுகள் எல்லாம் குவாரிக்குள் இருந்தன. அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அல்லது கிரஷர் வாசலிலேயே நிற்கட்டும். முதலாளிகளுக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அரை மணி நேரம் மிஷினை நிறுத்துவார்கள். நாங்கள் சொன்னால் எங்களை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மிஷினில் தண்ணீர் தெளிப்பான் ஓடுகிறதா என்பதையும் அதிகாரிகள் வரும் நாள் தவிர மற்ற நாளிலும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதிகாரிகள் வரும் நாளில் நன்றாகவே ஓடுகிறது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இந்த மனுவைக் கொடுக்க ஆறு பேர் வந்திருக்கிறோம். ஆறு பேருக்கும் இன்று கூலி கிடையாது. அதனால் மறுபடி வரச் சொல்லாமல், கூட்டமைப்பின் முகவரிக்கே எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். மனுவின் நகலைப் பொதுவிலும் வைப்பதால் ஊர்ப் பெயர், கையெழுத்துகள், சிகிச்சையில் உள்ள நான்கு வீடுகளின் விவரம் மூன்றையும் தனி உறையில் ஒட்டித் தந்துள்ளோம். அந்த உறையைத் தாங்களோ மாவட்டக் காசநோய் அலுவலரோ மட்டும் பிரிக்க வேண்டும். பதில் கடிதத்தில் நோயாளிகளின் பெயர் இருந்தால் அதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
கூட்டமைப்பு உறுப்பினர்களுக்காக.

இணைப்பு: கிராமசபைத் தீர்மான நகல், ஒட்டிய உறை ஒன்று.