ரிமோட் கையில் இருந்து என்ன பயன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுச் செய்திச் சேனல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: “விளம்பரம் பிடிக்கவில்லை என்றால் என்ன, ரிமோட் நம் கையில்தானே இருக்கிறது.” மூன்று நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தங்கள் இதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் மகள் கத்தார் தலைநகர் தோஹாவில் செவிலியராக இருக்கிறாள். 2025 ஜூன் 23 அன்று இரவு கத்தாரில் உள்ள அல் உதைத் விமானப்படைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது தங்களுக்குத் தெரியும். நமக்கு அப்போது இரவு பத்து மணி வாக்கில் இருக்கும். அதற்குச் சற்று முன்புதான் கத்தார் தன் வான்வெளியை மூடியிருந்தது. மகளுக்கு போன் போட்டால் போகவில்லை. வாட்ஸப்பில் ஒற்றை டிக்கோடு நின்றது. டிவியைப் போட்டேன். தமிழ்ச் சேனல்களில் அப்போது வேறு விஷயம் ஓடிக்கொண்டிருந்ததால் வெளிநாட்டுச் சேனல் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். இருட்டு வானத்தில் வெளிச்சப் புள்ளிகள் பறப்பதைக் காட்டினார்கள். தோஹாவிலிருந்து ஒருவர் பேச ஆரம்பித்தார். எந்தப் பக்கம் சத்தம் கேட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “நேரம் ஆகிவிட்டது, சிறு இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்” என்று செய்தி வாசித்த அம்மா அவரை நிறுத்திவிட்டார்.

பிறகு வந்ததைச் சொல்கிறேன். ஒரு கைக்கடிகாரம். ஒரு நாட்டுக்குச் சுற்றுலா வரச் சொல்லி ஒரு விளம்பரம், கடற்கரையும் ஒட்டகமும். அப்புறம் அந்தச் சேனலே தன்னைப் பற்றிப் போட்டுக்கொண்ட விளம்பரம், செய்தி எங்கே இருக்கிறதோ அங்கே நாங்கள் இருக்கிறோம் என்று. அதே விளம்பரம் இன்னொரு தடவை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனது. திரும்பி வந்ததும் இசையோடு தலைப்புச் செய்திகளை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தோஹாவில் பேசிக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு வரவே இல்லை. எந்தப் பக்கம் என்று அவர் சொல்ல வந்த அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது, ஐயா. அடுத்த சேனலுக்குப் போனேன், அங்கேயும் இடைவேளை. அதற்கடுத்ததில் நாலு பேர் சதுரம் சதுரமாக உட்கார்ந்து கச்சா எண்ணெய் விலையைப் பேசினார்கள். சொல்லாத செய்தியை ரிமோட்டால் வரவழைக்க முடியுமா? பதினொன்றே முக்காலுக்கு மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. “அப்பா, சத்தம் கேட்டுச்சு, சன்னல் எல்லாம் அதிர்ந்துச்சு. நாங்க நல்லா இருக்கோம், பயப்படாதீங்க.” அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

நான் சேலத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடியபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தந்தியில் வார்த்தைக்குக் காசு. அதனால் அனுப்புகிறவர் முக்கியமானதைத்தான் எழுதுவார். சாவுச் செய்தி வந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் அனுப்புவோம். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் புகுந்தபோது அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டு அம்மா தினமும் காலையில் வந்து நிற்பார்கள். மகன் குவைத்தில் இருந்தான். “ஏதாவது வந்துச்சா கண்ணு?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தச் சமயத்தில் ஜோர்டானின் அம்மான் வழியாக ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் விமானத்தில் அழைத்து வந்தார்கள். ஒரு நாள் டெலிபிரிண்டரில் வந்தது: ‘சேஃப். ரீச்டு அம்மான்.’ மூன்று வார்த்தை. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதைப் படிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு அழுதது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காத்திருக்கிறவர்களுக்குச் செய்தி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1991 ஜனவரியில் பாக்தாத்தில் குண்டு விழுந்த இரவில் சிஎன்என் நிருபர்கள் ஹோட்டல் அறையிலிருந்து வெறும் குரலாலேயே உலகத்துக்குச் சொன்னார்கள். படம் இல்லாமலே அதற்கு அத்தனை மதிப்பு இருந்தது. இப்போது படத்துக்குக் குறைவில்லை, பார்க்கத்தான் இடமில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது அமெரிக்கச் சேனல்கள் திரையின் அடியில் ஓடும் வரியைப் போட்டன. அன்றைக்கு அது தேவைப்பட்டது. அன்று வந்தது இன்றுவரை போகவில்லை. நான் கண் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். மேலே ஒரு பட்டை, கீழே இரண்டு பட்டை, மூலையில் கடிகாரம். அந்த இரவில் தோஹா வரைபடத்தைக் காட்டினார்கள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் பட்டைக்கு அடியில் போய்விட்டன. ‘பிரேக்கிங் நியூஸ்’ என்று சிவப்பில் போட்டது மறுநாள் மதியமும் அப்படியே இருந்தது. சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். செய்திக்கு ஒரு அளவு, விளம்பரத்துக்கு இன்னொரு அளவு. என் மனைவிக்கு ரத்த அழுத்தம், இடைவேளை வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் குறைக்கிறேன். ரிமோட்டின் வேலை எங்கள் வீட்டில் அதுதான்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தாங்கள் அறியாததல்ல. 1994-ஆம் ஆண்டின் கேபிள் டிவி நெட்வொர்க் விதிகளில் 7-வது விதி சொல்கிறது: மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் வணிக விளம்பரம் 10 நிமிடம், சேனலின் சொந்தப் பெருமை 2 நிமிடம். விளம்பரம் அளவுக்கு மீறிய சத்தமாக இருக்கக் கூடாது, திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓடவிட்டு நிகழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் வாங்குவதால் பிபிசி அங்கே விளம்பரம் போடுவதில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பும் சேனலில் போடுகிறது. (நான் அந்த இரவில் பார்த்தது வேறு சேனல்.) உலகம் முழுவதற்கும் ஒரே இடைவேளை விடுவதால், விளம்பரம் விற்காத நாட்டில் அந்த நேரத்தைச் சொந்த முன்னோட்டங்களைப் போட்டு நிரப்புகிறார்கள். அதாவது யாருக்கும் வருமானம் இல்லாத நிமிடங்களிலும் நாம் காத்திருக்கிறோம், மாதச் சந்தா கட்டிவிட்டு.

ஏற்காட்டு மலையில் மழை பிடித்தால் இங்கே அஸ்தம்பட்டியில் எங்கள் டிஷ்ஷில் படம் போய்விடும். அதைக் குறை சொன்னதில்லை. மழை விட்டால் வந்துவிடும்.

பிபிசி தமிழோசையைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்போம், அரை மணி நேரத்தில் உலகம் முழுவதும் வந்துவிடும். 2017 ஏப்ரலோடு அந்த ஒலிபரப்பும் நின்றுபோனது. எங்களைப் போன்றவர்களுக்கு இப்போது இந்தச் சேனல்கள்தான் கதி. எங்களைப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று தங்கள் இதழே எழுதியதுதான் வருத்தம்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. தங்கள் டிவி நிகழ்ச்சிப் பட்டியலில் வெளிநாட்டுச் செய்திச் சேனல்களுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். அவர்களில் பலரும் கிரீன்விச் நேரப்படி ஓடுவதால், அவர்களுடைய மணி நமக்கு அரை மணியில் வருகிறது. அவர்களின் பிற்பகல் 2 மணித் தலைப்புச் செய்தி நமக்கு இரவு 7.30. இந்த நேரங்களை இந்திய நேரத்தில் போட்டால், இடைவேளைக்கு முந்தைய தலைப்புச் செய்திகளையாவது தவறவிடாமல் பார்த்துக்கொள்வோம். 7-வது விதியையும், மீறினால் எந்த முகவரிக்கு எழுதுவது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன். முதல் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.