நகையைக் கழற்றிக் கொடுத்த ஊர்

தென்காசி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ராமச்சந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு எழுதியது என்றே தெரியவில்லை, வரிகள் பழையபடி நேராக நிற்கின்றன. தங்கை விசாலாட்சியின் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில் மகிழ்ச்சி. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலக் கூட்டத்தால் கடைவீதியில் நடக்க முடியவில்லை. வைத்தியர் தினமும் நட என்கிறார், முழங்கால் வேண்டாம் என்கிறது. இருவருக்கும் நடுவில் நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பேரன் பேச்சுப் போட்டிக்கு எழுதியதை அனுப்பியிருந்தாய். மலாலாவைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் "வீரமங்கை" நான்கு இடத்தில் வருகிறது, அவள் பிறந்த ஸ்வாட் என்ற பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. திருத்திக் கொடு என்று கேட்டதோடு நீ நிறுத்தியிருந்தால் அரைப் பக்கத்தில் பதில் எழுதியிருப்பேன். ஓரத்தில், "இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்னப்பா தெரியும், பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

ஸ்வாட் 1969 வரை தனிச் சமஸ்தானம். வாலி என்று அழைக்கப்பட்ட ஆட்சியாளர் இருந்தார். பள்ளிகள் கட்டினார்கள், பெண்களுக்கும் சேர்த்து. நிலத்தகராறு என்றால் வாலியின் ஆட்களிடம் போய் சில நாட்களில் தீர்ப்பு வாங்கிவிடலாம். பாகிஸ்தானோடு இணைத்த பிறகு அதே வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வழக்காடியே சொத்தை இழந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு, உனக்கு விளக்க வேண்டியதில்லை. "ஷரியத் வந்தால் நீதி உடனே கிடைக்கும்" என்ற பேச்சு அந்த ஆற்றாமையில்தான் வேர்விட்டது. சூஃபி முகமது என்பவர் 1992 இல் தொடங்கிய இயக்கத்துக்கு ஆள் சேர்ந்ததும் அதனால்தான். 2001 இல் அமெரிக்காவோடு போரிட ஆயிரக்கணக்கானவர்களை ஆப்கானிஸ்தானுக்கு அழைத்துப் போனார். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர் திரும்பிச் சிறைக்குப் போனார்.

அடுத்து வந்தவர் மருமகன் ஃபஸ்லுல்லா. ஆற்றைக் கடக்கும் கம்பிவட இருக்கையில் வேலை பார்த்தவர். ஸ்வாட்டின் மிங்கோரா நகருக்கு எதிர்க்கரையில் இமாம் தேரி என்ற கிராமத்தில் அனுமதியில்லாத எஃப்.எம். வானொலி ஒன்றை வைத்துப் பேசத் தொடங்கினார். ஊர் அவருக்கு முல்லா ரேடியோ என்றே பெயர் வைத்தது. தொடக்கத்தில் பயங்கரம் எதுவும் பேசவில்லை. தொழுங்கள், புகைபிடிக்காதீர்கள், நேர்மையாக இருங்கள் என்ற அளவில்தான். 2005 அக்டோபர் நிலநடுக்கத்தில் பயந்து போயிருந்த மக்களிடம், இது உங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவர் கட்டிய பெரிய மதரசாவுக்கு ஆண்கள் உடலுழைப்பையும் பணத்தையும் கொடுத்தார்கள். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

இந்த நகை விஷயத்தைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. துப்பாக்கி முனையில் பறிக்கப்பட்ட நகையாக இருந்தால் கதை வேறு. இது சமையலறையில் ஓடிய வானொலியைக் கேட்டு, மனம் கனிந்து கொடுத்தது. அந்த வீடுகளில் ஆண்கள் பலர் வளைகுடாவில் வேலையில் இருந்தார்கள். பெண்களிடம் நேரடியாக, மரியாதையாகப் பேசிய முதல் வெளிக்குரல் அதுவாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு அதே குரல், இன்னாரின் மகள் பள்ளியை விட்டுவிட்டாள், அவளுக்கு வாழ்த்துகள் என்று பெயர் சொல்லிப் பாராட்டியது. போலியோ சொட்டு மருந்து சதி என்றது. 2007 இல் ஜஹானாபாத் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருந்த புத்தரின் முகத்தை ஃபஸ்லுல்லாவின் தாலிபான் ஆட்கள் வெடிவைத்துச் சிதைத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ராணுவம் வந்தும் அடங்கவில்லை. மிங்கோராவின் நடுவே இருந்த கிரீன் சௌக்கில் காலையில் பிணங்கள் கிடந்தன. மக்கள் அந்த இடத்தை ரத்தச் சதுக்கம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். 2009 இல் மரகதச் சுரங்கமும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. இறைவனின் ஆட்சிக்குச் சுரங்கம் எதற்கு என்று யார் கேட்பது?

கொடுத்தவர்களால் கேட்க முடியாது, ராமச்சந்திரா. கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த தங்கத்தைத் தானே கழற்றிக் கொடுத்தவளுக்கு, ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழாது. மகனைக் கல் சுமக்க அனுப்பிய தகப்பனுக்கும் அப்படித்தான். பயம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் பயத்துக்கு முன்பே வெட்கம் வாயைக் கட்டியிருந்தது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் அந்தக் குரலுக்கு எதையும் கொடுத்திருக்கவில்லை. அவர்களுக்குக் கணக்கு நேரானது: பள்ளி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

2008 டிசம்பரில் அந்த வானொலி நாள் குறித்தது. ஜனவரி 15 முதல் பெண்கள் எவரும் பள்ளிக்குப் போகக்கூடாது. அதற்குள் நூற்றுக்கணக்கான பள்ளிக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது பிபிசி உருது சேவை, அங்கே படிக்கும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பை வெளியிட நினைத்தது. முதலில் ஒப்புக்கொண்ட மூத்த மாணவியின் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். பள்ளி நடத்திவந்த ஜியாவுதீன் யூசுஃப்சாய் தன் மகளையே எழுதச் சொன்னார். உன் பென்சில் வரிக்கு இங்கே இடமுண்டு, தகப்பன் துணையில்லாமல் அது நடந்திருக்காது. மலாலாவுக்கு அப்போது பதினொரு வயதுதான். தொலைபேசியில் சொல்லச் சொல்ல நிருபர் எழுதிக்கொண்டார், குல் மக்காய் என்ற புனைபெயரில் வந்தது. ஜனவரி 3 ஆம் தேதிக் குறிப்பில் ஒரு விவரம் இருக்கிறது: வகுப்பில் 27 பேரில் 11 பேர்தான் வந்திருந்தார்கள்.

அந்தப் பதினொரு பேரை எண்ணிப் பார். ஒருத்திக்குத்தான் பள்ளி நடத்தும் தகப்பன். மற்றப் பத்துப் பேரும் அதே தெருவில் நடந்துதானே வந்தார்கள்? சீருடை வேண்டாம், வண்ண உடையும் வேண்டாம் என்று பள்ளியில் சொன்னார்கள். புத்தகத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு தடை கொஞ்சம் தளர்ந்து சின்ன வகுப்புப் பெண்கள் மட்டும் வரலாம் என்றானபோது, பெரிய வகுப்புப் பெண்கள் சிலர் வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே போனார்கள். போராட்டம் என்ற பெயருக்கு அங்கே கொடியும் கோஷமும் கிடையாது. கணக்குப் பாடத்துக்குப் போவதுதான் போராட்டம்.

பெரியவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்துவிடு. 2009 பிப்ரவரியில் மாகாண அரசு, சிறையிலிருந்து வெளிவந்திருந்த சூஃபி முகமதுவோடு, ஸ்வாட்டில் ஷரியத் சட்டத்துக்கு ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. ஏப்ரல் 13 அன்று நாடாளுமன்றம் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் அதை ஆதரித்தது, அன்றே குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். சில நாட்களில் சூஃபி முகமது மிங்கோராவில் பெருங்கூட்டத்தைக் கூட்டி, ஜனநாயகமும் உயர்நீதிமன்றங்களும் மார்க்கத்துக்கு விரோதம் என்றார். ஆயுதக்காரர்கள் பக்கத்து மாவட்டமான புனேருக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து இஸ்லாமாபாத் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். தலைநகர் அப்போதுதான் விழித்தது. மே மாத ராணுவ நடவடிக்கையில் சுமார் இருபது லட்சம் பேர் வீடுகளை விட்டுப் போனார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே பெஷாவரில் பத்திரிகையாளர்கள் முன் அந்தச் சின்னப்பெண், என் கல்வி உரிமையைப் பறிக்க இவர்கள் யார் என்று கேட்டிருந்தாள்.

2012 அக்டோபர் 9, தேர்வு முடிந்து திரும்பும் பள்ளி வண்டியில் மலாலாவைச் சுட்டார்கள். அதைப் பேரன் நன்றாகவே எழுதியிருக்கிறான். ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்: ஷாஜியா ரம்ஜான், கைனாத் ரியாஸ் என்ற இரு தோழிகளும் அன்று காயமடைந்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் எல்லோரும் வெளிச்சத்தின் பக்கம் நின்றார்கள் என்று அவன் முடித்திருப்பதை நான் அடித்துவிட்டேன். தாலிபான் இயக்கம் வெடிகுண்டுச் சட்டை மாட்டியதும் பிள்ளைகளுக்குத்தான். ராணுவம் 2009 இல் சபாவூன் என்ற மறுவாழ்வு மையத்தை அந்தச் சிறுவர்களுக்காகவே தொடங்கியது. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள், படிப்பை விட்டவர்கள். தந்தை வேலைக்காக வெளியே போய்விட்ட வீடுகளைச் சேர்ந்தவர்கள் பலர்.

இதோடு ஐத்சாஸ் ஹசன் என்ற பள்ளி மாணவனையும் வைத்துப் பார். ஸ்வாட் அல்ல, ஹங்கு மாவட்டத்தின் இப்ராஹிம்சாய் கிராமம். ஷியாக்கள் அதிகமுள்ள பகுதி. தாக்க வந்தது வேறொரு கும்பல், ஆனால் அதே சரக்கு. 2014 ஜனவரி 6 அன்று பள்ளிக்குத் தாமதமாக வந்ததால் அவன் வாசலுக்கு வெளியே இருந்தான். வெடிகுண்டுச் சட்டையோடு வந்தவனின் உடையில் சந்தேகம் தோன்றியது. உடனிருந்தவர்கள் விலகச் சொல்லியும் கேளாமல் போய்ப் பிடித்துக்கொண்டான். குண்டு வெடித்து இருவரும் இறந்தார்கள், உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் பிழைத்தார்கள். வயது பதினைந்து. அவன் தகப்பனும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலையில் இருந்தவர்தான். தகப்பன் இல்லாத வீடு ஒருவனை எங்கே தள்ளும் என்பதற்குச் சட்டம் எழுதி வைக்க ஆசைப்படும் என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு அவன் ஒரு தொந்தரவு.

இன்னொன்று. மலாலாவை அவள் நாட்டிலேயே வெறுப்பவர்கள் ஏராளம். மேற்கத்திய நாடகம் என்பார்கள், குண்டே படவில்லை என்பார்கள். 2014 இல் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்று "நான் மலாலா அல்ல" என்று ஒரு நாளையே அனுசரித்தது. பள்ளிகள்! முன்பு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. இப்போது அந்த நகைதான் நினைவுக்கு வருகிறது. ஊரே தலையாட்டிய இடத்தில் ஒரு பிள்ளை முடியாது என்று சொன்னது உண்மை என்றால், தலையாட்டியவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்கள்? அவள் பொய் என்றாகிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

இருந்தும் ஊர் அப்படியே நின்றுவிடவில்லை. 2022 அக்டோபர் 10 அன்று ஸ்வாட்டில் மறுபடியும் ஒரு பள்ளி வண்டியைச் சுட்டார்கள், ஓட்டுநர் இறந்துபோனார். இந்த முறை மிங்கோராவின் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள், எங்களுக்குப் பாதுகாப்புக் கொடு என்று அரசைக் கேட்டார்கள். 2009 இல் பள்ளி வயதில் இருந்தவர்களுக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயது. அந்தக் கூட்டத்தில் அவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணியிருந்தால் உன் பென்சில் வரிக்கு இன்னும் நல்ல பதிலாக இருந்திருக்கும்.

பேரனுக்கு ஐந்து நிமிடம்தான் என்றால் நோபல் பரிசை ஒரே வாக்கியத்தில் முடிக்கச் சொல். பரிசு நம் நாட்டுக் கைலாஷ் சத்யார்த்தியோடு பகிர்ந்து கிடைத்தது, அதை விட்டுவிட்டான், நடுவர்கள் கவனிப்பார்கள். மிச்ச நேரத்தை வானொலிக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் கொடுக்கட்டும். திருத்திய தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம் என்று சொல், பாதி சந்திப்பிழைதான்.

போட்டி முடிந்ததும் முடிவை எழுது. ஐப்பசியில் கும்பகோணம் வரும் எண்ணம் இருக்கிறது, ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் நிச்சயம்.

அன்புடன்,
சண்முகம்