மிட்டாய் பாட்டில் விவகாரம்

மாப்ள செல்வம்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம், சின்னவனுக்கு மட்டும் சளி. நாலு மாதமாக ஒரு போன்கூட இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. காரணம் இருக்கிறது, கோபப்படாமல் படி.

கடையை மூடின அன்றைக்கு உங்க அப்பா என் கையில் கொடுத்தாரே, கடலை மிட்டாய் பாட்டில், அது விரிசல் விட்டுவிட்டது. நான்தான். உன் தங்கச்சி புளி போட்டு வைக்கக் கேட்டாள், கழுவுகிறேன் பேர்வழி என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன். 'டிக்'. அவ்வளவுதான், கழுத்திலிருந்து வயிறு வரை தலைமுடி மாதிரி ஒரு கோடு. தடித்த கண்ணாடி தாங்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. உள்பக்கம் சூட்டில் விரிந்துவிடுகிறது, வெளிப்பக்கத்துக்குச் சூடு போய்ச் சேர நேரமாகிறது, அந்த இழுபறியில் பிளந்துகொள்கிறது. மெல்லிசான டீ கிளாஸ் தினமும் தப்பித்துவிடுகிறது.

நொடியில் ஒட்டுகிற பசை போதும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். நல்லவேளை கேட்கவில்லை, அது ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும், ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் பிடியையும் விட்டுவிடும். கார் முன்கண்ணாடியில் கல் தெறித்த இடத்தை அடைக்கிற ரெசின் சின்னக் குப்பியில் வரும் பார், அதை வாங்கினேன். வெயில் பட்டால் இறுகிவிடும் என்பதால் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, ஹேர் டிரையரால் ஈரத்தை விரட்டிவிட்டு, ஒரு சொட்டு வைத்தேன். யாரும் தள்ளாமலே விரிசலுக்குள் ஓடுகிறது மாப்ள, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி! ஓடின இடமெல்லாம் கோடு காணாமல் போகிறது. ரெசினுக்கும் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கிற அளவு, ஏறக்குறைய ஒன்றுதான், 1.5, அதனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. காலையில் மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம் வைத்தேன். கடைசி அரை அங்குலத்தில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது, சாய்த்துப் பார்த்தால் மின்னுகிறது. நம்ம கைராசி தெரியாதா, அந்த சைக்கிள் பம்ப் கதைதான்.

இனி அதில் தின்கிற பொருள் எதுவும் போட முடியாது. புளி போச்சு, உன் தங்கச்சி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். மிட்டாய் அடியில் ஒட்டிக்கொண்டால் அப்பா மோதிர விரலால் தட்டுவாரே, டங்கென்று, எங்கே இருந்தாலும் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவோமே. விரிசல் விட்ட அன்றைக்கு சாவியால் தட்டிப் பார்த்தேன். டப்பென்று அடைத்துப் போன சத்தம். ராத்திரி சோறு இறங்கவில்லை. அவர் போனபோதுகூட நான் இப்படி உட்காரவில்லை, பந்தல், ஐஸ் பெட்டி என்று அலைந்ததிலேயே அந்த ரெண்டு நாளும் போய்விட்டது. ஒட்டின பிறகு இப்போது தட்டினால் கொஞ்சம் கேட்கிறது, ஆனால் சாவியில் சரியாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு வரும்போது அந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வா. அடகில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
பாலு