வாட்ஸ் கணக்கைப் பார்த்து வேக்குவம் கிளீனர் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முந்தைய வார இணைப்பிதழில், வீட்டு உபயோக வேக்குவம் கிளீனர்களை ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். விலை, வாட்ஸ், எடை, உத்தரவாதக் காலம் என்று நான்கு கட்டங்கள் போட்டு, வாட்ஸ் அதிகமுள்ள கருவிக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் இதுவரை மூன்று கருவிகளைப் பயன்படுத்தி, அவற்றில் இரண்டைப் பழைய இரும்புக்குப் போட்டவன். அந்த வரிசை வாசகர்களின் பணத்துக்குக் கேடு என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ் என்பது கருவி பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, தரையிலிருந்து எடுக்கும் தூசியின் அளவு அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்ஸுக்கு மேற்பட்ட வேக்குவம் கிளீனர்களையும், 2017 செப்டம்பர் முதல் 900 வாட்ஸுக்கு மேற்பட்டவற்றையும் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று விதி செய்தார்கள். ஓசையும் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றார்கள். அதற்காக அங்குள்ளவர்கள் துடைப்பத்துக்குத் திரும்பிவிடவில்லை. வாய்ப்பகுதியையும் காற்று செல்லும் பாதையையும் ஒழுங்காக வடிவமைத்தால் குறைந்த மின்சாரத்திலேயே வேலை நடக்கிறது. நம் கடைகளிலோ 1400 வாட்ஸ் என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பெருமையாகக் காட்டி விற்கிறார்கள்.

வாட்ஸுக்கு அடுத்தபடியாக இப்போது, உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் கிலோபாஸ்கல் கணக்கு வந்திருக்கிறது. கோவைக்காரர்களுக்கு இதைத் தண்ணீர் மோட்டாரை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். கேட் வால்வை முழுக்க மூடிவிட்டு மோட்டாரை ஓட்டினால் பிரஷர் கேஜில் முள் உச்சத்துக்குப் போகும். தொட்டிக்கோ ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறாது. ஹோஸின் வாயை அடைத்து வைத்து அளந்த உறிஞ்சு அழுத்தத்தைத்தான் பெட்டியில் கிலோபாஸ்கலாகப் போடுகிறார்கள். மோட்டார் வாங்கும்போது ஹெட்டையும் (எவ்வளவு உயரம் ஏற்றும்) டிஸ்சார்ஜையும் (எவ்வளவு தண்ணீர் கொட்டும்) சேர்த்துக் கேட்பதைப் போல, இங்கும் அழுத்தத்தோடு நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது என்று கேட்க வேண்டும். ஒரே நிலையில் அளந்த கிலோபாஸ்கலையும் லிட்டரையும் பெருக்கினால் வருவதே ஏர்வாட். அதுவே கருவி தன் வேலைக்குச் செலவிடும் ஆற்றல். தானாக உருண்டு திரியும் ரோபோ வகைக்கு மட்டும் கணக்கைப் பாஸ்கலில் சொல்வார்கள். 5000 பாஸ்கல் என்றால் மலைப்பாக இருக்கும். அது 5 கிலோபாஸ்கல்தான். கையில் பிடிக்கும் கருவியின் பெட்டியில் 20 என்று சின்னதாகப் போட்டிருப்பது அதைப்போல் நான்கு மடங்கு.

இந்த எண்கள் எல்லாம் கருவி புதிதாக, தூசிப்பை காலியாக இருக்கும்போது எடுத்தவை என்பதைத் தங்கள் கட்டுரையாளர் நினைத்துப் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் தரைக்கு ஒன்று, கம்பளத்துக்கு ஒன்று, வெளியேறும் காற்றில் திரும்ப வரும் தூசிக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தர வரிசை போட்டு ஓர் அட்டை ஒட்டிவந்தார்கள். காலியான கொள்கலனோடு சோதித்துவிட்டுத் தரம் சொல்வது வீட்டு நடப்புக்குப் பொருந்தாது என்று, வேக்குவம் கிளீனர் தயாரிக்கும் டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது; ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்த அட்டைக்கான விதியையே ரத்து செய்துவிட்டது. வழக்குப் போட்டவருக்கு அதில் வியாபார நோக்கம் இருந்திருக்கலாம், ஆனாலும் கேட்ட கேள்வி நியாயமானது. நானே என் கூடத்தில் டைல்ஸ் ஜாயிண்ட்டின் மேல் ஒரு பிடி தூள் உப்பைத் தூவி இழுத்துப் பார்த்தேன். கழுவிக் காயவைத்த ஃபில்டரோடு ஒரே இழுப்பில் ஜாயிண்ட் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு மாதம் கழுவாத ஃபில்டரைப் போட்டு இழுத்தபோது, மேலே கிடந்த உப்பு போயிற்று. இடுக்கில் வெள்ளைக்கோடு அப்படியே நின்றது. அதே கருவி, அதே வாட்ஸ்.

வடிவமைப்பைப் பற்றிக் கட்டுரையில் நிறம், கைப்பிடி என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின்சாரக் கருவியை 1907-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் செய்தவர் ஜேம்ஸ் ஸ்பாங்லர். கட்டடம் கூட்டும் வேலை செய்த அவர், கம்பளத்தூசியால் மூச்சிரைப்பு வந்து அவதிப்பட்டவர். விசிறி மோட்டாரோடு துடைப்பக்கட்டையைச் சேர்த்து, தூசிப்பையாக ஒரு தலையணை உறையை மாட்டினாராம். ஆக, இந்தக் கருவி பிறந்ததே கம்பளத்துக்காக. சுழலும் பிரஷ், அகன்ற வாய் எல்லாம் அதன் மிச்சம். நம் வீடுகளில் தரை டைல்ஸோ மொசைக்கோ கிரானைட்டோதான். அதைப் பெருக்க ஒரு பூந்துடைப்பம் போதும். நமக்குக் கருவி தேவைப்படுகிற இடங்கள் ஜன்னல் கம்பிவலை, பரண், மின்விசிறி இறக்கை, மெத்தை, சோபா இடுக்கு ஆகியவை. ஆகவே நீண்ட குழாயும், ஒடுங்கிய மூக்கும், மயிர்க்குச்சம் வைத்த சிறு வாயும் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. ஸ்டூல் மேல் ஏறி ஒரு கையால் விசிறியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மூன்று கிலோ எடையைத் தூக்க என் மனைவியால் இயலாது. தரையில் நிற்கும் உருளை வகையில் கைக்கு வருவது குழாயின் எடை மட்டுமே.

ஹெபா ஃபில்டர் என்று விளம்பரம் செய்வதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்கு அந்தப் பெயர். ஆனால் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் காற்று பக்கவாட்டில் கசிந்தால், நுண்தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு அறைக்கே திரும்பும். அப்போது ஃபில்டரின் சதவீதத்தால் யாருக்கும் பயனில்லை.

பராமரிப்புக்குத் தங்கள் கட்டுரை ஒதுக்கியது ஒரே வரி: ‘அவ்வப்போது சுத்தம் செய்யவும்.’ என்னுடைய அனுபவத்தில் கருவிகள் சாவது இந்த ஒரு வரியில்தான். கோலமாவு, விபூதி, சிமென்ட் தூள் போன்ற மாவான பொருள்களைச் சாதாரண உலர் கருவியால் உறிஞ்சினால் ஃபில்டர் ஒரே நாளில் அடைந்துவிடும். கழுவிய ஃபில்டரை முழுதாக ஒரு நாள் நிழலில் காயவைக்காமல் ஈரத்தோடு மாட்டினால், மழைக்காலத்தில் வீடே ஊறிய சாக்கு நாற்றம் அடிக்கும். கருவியின் ஓசை திடீரென்று கீச்சென்று உயர்ந்தால், மோட்டார் நன்றாக இழுக்கிறது என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மையில் காற்று வராததால் சுமை குறைந்து மோட்டார் வெறுமனே வேகம் எடுக்கிறது. பெரும்பாலான உருளை வகைகளில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான் என்பதால், அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறித் தானே நின்றுபோகும், அல்லது மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்வது இயல்பு. எங்கள் தெரு மோட்டார் வைண்டிங் கடையில் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஒயர் இல்லாத குச்சி வகையிலோ லித்தியம் பேட்டரி ஆண்டுக்காண்டு வலுவிழக்கும். அதைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, என்ன விலை என்று கேட்காமல் அதை வாங்குவது அறிவுடைமை ஆகாது. பெட்டியில் போட்டிருக்கும் ஓடும் நேரமும் பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கு உரியதே.

என் மூன்றாவது கருவிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மோட்டார் இன்றும் திடமாக இருக்கிறது. நான்காம் ஆண்டில் ஹோஸ் கைப்பிடிக்கு அருகே, வளையும் கழுத்தில், வெடித்துவிட்டது. கறுப்பு டேப் சுற்றினேன். பத்து நாளில் அதே இடத்தில் மீண்டும் ‘உஸ்’ என்று சத்தம். சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றால், “அந்த மாடல் நின்னு போச்சுங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்க” என்றார்கள். ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய்க்காக முழுக் கருவியையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். மேலே சொன்ன ஐரோப்பிய விதியிலேயே, 2017 முதல் ஹோஸ் 40,000 முறை வளைத்தாலும் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும், மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கு நாற்பது நிமிடம் ஓட்டும் வீட்டுக்கு 500 மணி நேரம் என்பது பதினான்கு ஆண்டு. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. 2023 முதல் கூரை மின்விசிறிக்கும் நட்சத்திர அட்டை கட்டாயமாயிற்று. வேக்குவம் கிளீனருக்கும் தூசி எடுக்கும் திறன், ஓசை, உதிரிப்பாகம் கிடைக்கும் ஆண்டுகள் ஆகியவற்றைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று விதி செய்தால் என்ன?

அரசு செய்யும்வரை தாங்கள் செய்யலாம். அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, வாட்ஸ் கட்டத்தை எடுத்துவிட்டு, ஃபில்டர் விலை, ஹோஸ் விலை, பேட்டரி விலை, கார்பன் பிரஷ்ஷை வெளியில் மாற்ற முடியுமா என்ற நான்கையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றுக்கு ஒரு நிறுவனம் பதில் தராவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள், வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.