பால்வாளி செய்த வேலை

அன்புள்ள மங்கை,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்குக்கு இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை. திட்டத் தொடங்கிவிடாதே, இந்தத் தடவை திட்டப்போவது நான். இங்கே எல்லாரும் சுகம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. பெரியவள் இன்னும் ஈப்போவில்தான். பேத்திக்குக் காது குத்தியாச்சா?

விஷயத்துக்கு வருகிறேன். 46 வருஷமாக நான் தவளை நீச்சலைத் தப்பாக நீந்திக்கொண்டு இருந்திருக்கிறேன். கற்றுக்கொடுத்த குரு நீ.

சனிக்கிழமை காலையில் பழைய துரைமார் கிளப்பில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? (கிராணியக்கா இன்னமும் வீட்டில் "கோலம் போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கோலாம் ரெனாங்குக்கு, அதுதான் மலாயில் நீச்சல் குளத்துக்கு, வருகிறாள். புருஷனும் நம்புகிறார்.) இப்போது 11 பேர் ஆகிவிட்டார்கள். ஆறு பிள்ளைகள், ஐந்து பெண்கள். பெண்களில் மூன்று பேர் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள். போன மாதம் அதில் ஒருத்தியின் மகன், கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தண்ணீருக்கு அடியில் என்னைப் படம் எடுத்தான். "டீச்சர், உங்க லெஃப்ட் கால் ஏன் தூங்குது?" என்று கேட்டான்.

பார்த்தேன் மங்கை. வலது பாதம் வாத்து மாதிரி அழகாக வெளியே திரும்பி, உள்ளங்காலால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இடது பாதம் திரும்பவே இல்லை. விரலை நீட்டிக்கொண்டு, புறங்காலால் தண்ணீரைச் சும்மா தட்டிவிட்டு வருகிறது. இதற்கு ஸ்க்ரூ கிக் என்று பெயரே இருக்கிறது. தவளை நீச்சலில் தள்ளும்போது இரண்டு பாதமும் வெளியே திரும்பியிருக்க வேண்டும் என்பது போட்டி விதி, நான் போட்டிக்குப் போயிருந்தால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள். நீந்தும்போதெல்லாம் இடது பக்கச் சுவரில் போய் இடிப்பேனே, வெள்ளைக்காரன் குளத்தைக் கோணலாகக் கட்டிவிட்டான் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. நீ ஆற்றில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த மாதம்? உன் இடது காலில் ரப்பர் பால்வாளி விழுந்து வீங்கிக் கிடந்த மாதம்! நீ நொண்டி நொண்டி உதைத்தாய், அதுதான் முறை என்று நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். உன் கால் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. என் கால் இன்னும் வீங்கியே இருக்கிறது.

சிரிக்காதே, இன்னும் இருக்கிறது. ஆறு வயசுக் குட்டி ஒன்று, என் பின்னாலேயே வால் மாதிரி நீந்தும். போன சனிக்கிழமை அதன் காலைக் கவனித்தேன். இடது கால் தூங்குகிறது.

அன்றைக்கே எல்லாரையும் கரையேற்றி விளிம்பில் உட்கார வைத்தேன். நானும் மாணவி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொண்டேன். குதிகாலைப் பின்பக்கம் இழு, பாதத்தை வெளியே திருப்பு, சுற்றித் தள்ளு, இரண்டு காலையும் சேர். இழுப்பதும் தள்ளுவதும் யாருக்கும் வந்துவிடும். அந்தத் திருப்புவது இருக்கிறதே, அதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். கண்ணால் பார்த்தால்தான் கணுக்கால் கேட்கிறது, தண்ணீருக்குள் போனதும் மறந்துவிடுகிறது. அதனால் மல்லாக்கப் படுத்து உதைக்கச் சொன்னேன். அப்படி உதைக்கும்போது முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் தொடையை வயிற்றுப் பக்கம் இழுக்கிறோம் என்று அர்த்தம். அப்படி இழுத்தால் இடுப்பு இறங்கும், ஓடுகிற லோரிக்குப் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடும். முழங்காலை ரொம்ப அகட்டவும் கூடாது. எனக்கே இப்போது உள்பக்கம் வலிக்கிறது. இந்த நீச்சலில் முட்டிக்கு வழக்கமாக வருகிற வலிதானாம். நம் வயசுக்காரிகளை அளவாக உதைக்கச் சொல்லிவிட்டேன்.

கை சுலபம். தோளைத் தாண்டிப் பின்னால் இழுக்காதே, மார்புக்கு முன்னால் சட்டி வழிக்கிற மாதிரி வழித்துவிட்டு முன்னே நீட்டு. அவ்வளவுதான். நீட்டிய பிறகு சும்மா இருக்க வேண்டும் பார், அதுதான் இந்தப் பெண்களுக்கு வரவே மாட்டேன் என்கிறது. இழு, மூச்செடு, உதை, அப்புறம் கையும் காலும் நீட்டி ஒரு நொடி வழுக்கிக்கொண்டு போ. நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கி மூட்டை கட்டுகிற கை, அது எப்படிச் சும்மா இருக்கும்? "நின்னா முங்கிடுவேன் டீச்சர்" என்கிறாள் ஒருத்தி. நீட்டியதும் மனசுக்குள் "தண்டாயுதபாணி" என்று முழுசாகச் சொல்லிவிட்டு அடுத்த கை போடு என்றேன். மூன்று வாரம் அவள் "முருகா"வோடு முடித்துக்கொண்டாள். போன சனிக்கிழமைதான் முழுப் பெயரையும் சொன்னாள். முகம் தண்ணீருக்குள், மூக்கிலிருந்து சின்னச் சின்னக் குமிழி, உடம்பு ஒரு பலகை மாதிரி சத்தமில்லாமல் வந்து என் வயிற்றில் முட்டி நின்றது. எழுந்து, "யாரு தள்ளிவிட்டது?" என்று திரும்பிப் பார்த்தாள்.

உதவிக்கு வருகிற ஈப்போ பையனுக்கு இதெல்லாம் பிடிக்காது. முதலில் ஃப்ரீஸ்டைல்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், நாலு நீச்சலில் இதுதான் ஆமை, காலைப் பழக்குவதும் இதில்தான் கஷ்டம் என்பான். பொய்யில்லை. 1875இல் மேத்யூ வெப் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தது இந்த ஆமையில்தான், 21 மணி 45 நிமிஷம் என்று நானும் எடுத்துவிட்டேன். "அவருக்கு அவசரம் இல்லை டீச்சர்" என்கிறான்.

எனக்கு வேகம் வேண்டாம் மங்கை. தலையைத் தூக்கினால் கரை எங்கே என்று தெரிய வேண்டும், மூச்சு வர வேண்டும். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் இன்னும் லோம்போங் பக்கம்தான் போகிறார்கள். ஈயம் தோண்டிவிட்டுப் போன அந்தப் பள்ளங்களில் கரையை விட்டு இரண்டு எட்டு வைத்தால் கால் எட்டாது, உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உன் தம்பிக்கு மல்லாக்க மிதக்க மட்டுமாவது தெரிந்திருந்தால் என்று எழுதக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன். எழுதிவிட்டேன். புதுசாக வருகிற யாரையும் முதல் இரண்டு வாரம் நான் உதைக்கவே விடுவதில்லை. மிதக்க வேண்டும், திரும்பி வந்து கரையைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல்தான் தவளை.

இப்போது கிளப் பம்ப் கெட்டுப்போய் வகுப்பு நின்றிருக்கிறது. தண்ணீர் பாசிப்பச்சை. "அடுத்த மாதம்" என்கிறார்கள், எந்த அடுத்த மாதம் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். ஆளுக்கு 10 வெள்ளி போட்டு நாங்களே ஆள் பார்க்கிறோம்.

டிசம்பரில் பீடோருக்கு வா. அந்த வருஷத்துக்கு அப்புறம் நீ தண்ணீரில் இறங்கவில்லை என்று தெரியும். இறங்க வேண்டாம். விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு என் இடது பாதம் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல். கெடுத்தவள் நீ, சரி பார்க்கிறவளும் நீயாகவே இரு. முழுக்கை நீச்சல் உடை உன் அளவுக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அன்புடன்,
உன் ஒட்டகச்சிவிங்கி

பி.கு.: அந்தப் பால்வாளி என் வீட்டில்தான் இருக்கிறது, தெரியுமா? லயத்தை இடித்தபோது அம்மா தூக்கிக்கொண்டு வந்தது. கறிவேப்பிலை வைத்திருக்கிறேன், நன்றாகத் தழைத்திருக்கிறது.